பொரி சாப்பிடலாமா? ஒரு அச்சாபீஸ்காரரின் பதில்

போன லெந்து (தவக்கால) நாட்களில் எங்கள் சபை வாலிபர் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். பேச்சு முடிந்ததும் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிற ஒரு பையன் எழுந்தான். “ஆபீஸ்ல ஆயுத பூஜைக்குப் பொரி குடுக்குறாங்க அங்கிள். வாங்கணுமா, வேணாமா?” அவனுக்குப் பின்னாலிருந்த பெண், “காலேஜ் குரூப்ல நம்ம வேதத்தைக் கிண்டல் பண்ணி ஃபார்வர்ட் வருது, பதில் போடணுமா?” என்றாள். கேள்விகள் சூடு பிடித்த நேரத்தில் ஐயர் (எங்கள் சபைப் போதகர்) கடிகாரத்தைப் பார்த்தார். முடிவு ஜெபம் பண்ணிவிட்டார். சுண்டல் தட்டோடு வாசலில் நின்று அரைகுறையாகப் பதில் சொன்னேன். மிச்சம் இங்கே.

நான் போதகன் இல்லை. சிம்மக்கல் பக்கம் ஒரு சந்துக்குள் அச்சாபீஸ் வைத்திருக்கிறேன். தாத்தா பசுமலையில் அமெரிக்க மிஷன் நடத்திய லெனாக்ஸ் அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர். தமிழ் எழுத்தில் முதல் புத்தகம் 1578-ல் கொல்லத்தில் அச்சானது, அதுவே ஒரு கிறிஸ்தவ உபதேசப் புத்தகம்தான் என்று அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். அந்தப் பெருமை எனக்கும் உண்டு. ஆனால் பெருமையை வைத்து மாதக் கடைசியில் சம்பளம் போட முடியாது. எங்கள் மெஷின் ஓடுவது கல்யாணப் பத்திரிகையில். ஒரே நாளில் பிள்ளையார் சுழி போட்டது ஒன்று, 786 போட்டது ஒன்று, ‘கர்த்தர் நமக்குப் பெரிய காரியங்களைச் செய்தார்’ போட்டது ஒன்று என்று மூன்றும் ஓடும். மெஷின்மேன் அண்ணன் அழகர்மலைக்கு மாலை போடுகிறவர். டிடிபி, அதாவது கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கிற வேலை, பார்க்கிறவர் பாய். பைண்டிங் அக்கா எங்கள் சபை. இந்த நாலு சுவருக்குள் நாற்பது வருடமாக நான் கற்றுக்கொண்டதைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் பொரி

அப்பா காலத்தில் ஆயுத பூஜைக்கு அச்சாபீஸ் பூட்டிக் கிடக்கும். முந்தின நாளே போனஸைக் கொடுத்து, “அவங்கவங்க வீட்ல கும்பிட்டுக்கங்க” என்று அனுப்பிவிடுவார். அதைத் தன் விசுவாசத்துக்குச் சாட்சி என்று நினைத்தார். வேலை பார்க்கிறவர்கள் என்ன நினைத்தார்கள் என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அவர் இறந்து ஒரு வருடம் கழித்து மெஷின்மேன் அண்ணன் சொன்னார்: “வருசம் பூரா இது கூடத்தான் தம்பி கெடக்கேன். ஒரு நா பொட்டு வைக்க விடல உங்கப்பா.”

அடுத்த வருடத்திலிருந்து திறந்து வைத்தேன். இப்போது நடக்கிற முறை இதுதான். முந்தின நாள் மத்தியானத்தோடு வேலையை நிறுத்தி, ரோலரைக் கழற்றி, மண்ணெண்ணெய் விட்டு எல்லோருமாகத் துடைப்போம். அதில் நானும் உட்காருவேன், முழங்கை வரை மை. பூஜைச் சாமான் வாங்குவது அவர்கள் பாடு. போனஸும் புதுத்துணியும் இனிப்பும் என் பாடு. சந்தனம், குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டும்போது வாசல்படி ஓரமாக நிற்பேன். உள்ளறையில் போய் ஒளிவதும் இல்லை, கும்பிடுவதும் இல்லை. தட்டு என் பக்கம் வராது. அது ஒரு பேசாத ஒப்பந்தம். ஒரு வருடம் புதிதாகச் சேர்ந்த பையன் தெரியாமல் தட்டை நீட்டிவிட்டான். எல்லோரும் என் மூஞ்சியைப் பார்த்தார்கள். “நான் கும்புடறது ஞாயித்துக்கெழமடா. இன்னிக்கி உங்க நாள், நடத்துங்க” என்றேன். பாய் சிரித்துவிட்டார், அவருக்கும் அதே நிலைமைதான்.

பிறகு பொரி வரும். இரண்டு கையாலும் வாங்கிச் சாப்பிடுவேன். என் மனைவி சாப்பிட மாட்டாள். கொரிந்து சபைக்குப் பவுல் எழுதியது இதே தகராறைப் பற்றித்தான். கடையில் விற்கிறதை விசாரிக்காமல் வாங்கிச் சாப்பிடு என்றும் எழுதினார், பலவீனமான சகோதரனுக்கு இடறலாக இருந்தால் விட்டுவிடு என்றும் எழுதினார். நான் முதல் பாதியைப் பிடித்துக்கொண்டேன், அவள் இரண்டாம் பாதியை. இதில் பலவீனமான சகோதரன் யார் என்று வீட்டில் கேட்டுப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை.

வேதத்தில் இன்னொரு இடமும் இருக்கிறது; நம் ஆட்கள் அதைப் பிரசங்கிக்கவே மாட்டார்கள். குஷ்டம் நீங்கிய சீரியப் படைத்தலைவன் நாகமான், “என் ராஜா ரிம்மோன் கோயிலில் என் கைமேல் சாய்ந்து பணிகிறபோது நானும் குனிய வேண்டியிருக்குமே” என்று தீர்க்கதரிசி எலிசாவிடம் கேட்கிறான். எலிசா சட்டம் பேசவில்லை. சமாதானத்தோடே போ என்று அனுப்பிவிட்டார்.

ஆகவே ஐ.டி. பையனுக்கு: பூஜை அன்று காலையில் லீவு போட்டு ஓடாதே. டீம் லீடரிடம் ஒரு வாரம் முன்னாலேயே ஒரே வாக்கியம் சொல்லிவிடு: “நான் கும்பிட மாட்டேன், மத்த வேலை என்ன இருந்தாலும் குடுங்க.” விளக்கம் வேண்டாம். பெருக்கச் சொன்னால் பெருக்கு, டீ எடுத்துவரச் சொன்னால் எடுத்து வா. பொரியை உன் மனசாட்சி பார்த்துக்கொள்ளும். எதைச் செய்தாலும் முகத்தைச் சுளிக்காதே. வாங்கிக் குப்பைத்தொட்டியில் போடுவதுதான் இருப்பதிலேயே கேவலமான வழி. அதைச் செய்கிறவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

அச்சிட்டோர் பெயர்

மதுரையில் போஸ்டர் ஒட்டாத சுவர் கிடையாது. பூப்புனித நீராட்டு, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி, தலைவர் பிறந்தநாள், எழுப்புதல் கூட்டம் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று. இந்தத் தொழிலில் இருந்துகொண்டு எதை அச்சடிப்பது, எதை விடுவது என்பது எனக்குத் தினப்படி வருகிற கேள்வி. உங்களுக்கு மெஷின் இல்லை, கையில் போன் இருக்கிறது. இரண்டுக்கும் சட்டம் ஒன்றுதான்.

என் சட்டம் வந்த கதை அசிங்கமானது. எனக்கு 33 வயது. ஒரு சபையில் கமிட்டி தேர்தல். அரசாங்கத் தேர்தல் கெட்டது போங்கள், அவ்வளவு மும்முரம். ஒரு அணியினர் ராத்திரி வந்து, எதிரணியில் நின்ற ஒரு மூப்பரைப் பற்றி ஒரு நோட்டீஸ் கொடுத்தார்கள். கணக்கில் கைவைத்தார் என்று வெளிப்படையாக எழுதவில்லை. வாசிக்கிறவன் அப்படி நினைத்துக்கொள்ளும்படி எழுதியிருந்தது. கீழே அச்சகத்தின் பெயர் வேண்டாம் என்றார்கள். ரேட் இரண்டு மடங்கு. அப்போது காலால் மிதித்து ஓட்டுகிற ட்ரெடில் மெஷின், ஈய எழுத்து. ஆளை அனுப்பிவிட்டு நானே கோத்து, நானே ஆயிரம் ஓட்டினேன்.

தேர்தல் முடிந்து அந்த மூப்பர் தோற்ற பிறகு ஒரு சாயங்காலம் வந்தார். மேஜைமேல் அந்த நோட்டீஸை விரித்து வைத்தார். எங்கள் பன்னிரண்டு பாயிண்ட் எழுத்தில் ‘ழ’வின் வால் உடைந்திருக்கும். அப்பா வாங்கின செட். மாற்ற வேண்டும், மாற்ற வேண்டும் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தோம். நோட்டீஸில் ‘ஊழல்’ என்ற வார்த்தை மூன்று இடத்தில் வருகிறது. மூன்று ‘ழ’விலும் வால் இல்லை. அவர் விரலை அதன்மேல் வைத்து, “இது உங்க அப்பா காலத்து ழ இல்லையா தம்பி?” என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். அதற்குப் பிறகு எங்கள் அச்சாபீஸ் வாசலை அவர் மிதிக்கவே இல்லை. அவர் அடக்கத்துக்குப் போயிருந்தபோது கடைசி வரிசையில் நின்றேன்.

அன்றிலிருந்து ‘அச்சிட்டோர்’ என்று எங்கள் பெயர் போட முடியாத எதுவும் மெஷினில் ஏறாது. பொதுத் தேர்தல் நோட்டீஸுக்கு இது சட்டமே. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 127ஏ: அச்சிடுபவர் பெயர், வெளியிடுபவர் பெயர் இரண்டும் இருக்க வேண்டும், வெளியிடுபவர் இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு உறுதிமொழி கொடுக்க வேண்டும், மீறினால் ஆறு மாதம் வரை ஜெயில் அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், இரண்டுமேகூட. சபைத் தேர்தலுக்கு இந்தச் சட்டம் கிடையாது. அதனால்தானோ என்னவோ அங்கே மொட்டை நோட்டீஸ் அதிகம்.

2025 பிப்ரவரியில் திருப்பரங்குன்றம் மலையில் கோயில், தர்கா விஷயமாக ஊரே இரண்டாகப் பேசிக்கொண்டிருந்த வாரத்தில், போஸ்டர் வேண்டும் என்று இரண்டு பக்கமும் வந்தார்கள். இரண்டு பேரிடமும் ஒரே பதில்தான் சொன்னேன். இடம், நாள், நேரம், யார் அழைக்கிறார்கள் என்று இருந்தால் போடுகிறேன். இன்னொருவரை வையும் ஒரு வரி இருந்தாலும் எடுத்துவிட்டுக் கொண்டுவாருங்கள். ஒருவர் எடுத்துவிட்டு வந்தார். மற்றவர் வேறு அச்சாபீஸ் போனார். எந்தப் பக்கம் எது என்று எழுத மாட்டேன். எங்கள் சபை ஆட்களே அதைத்தான் முதலில் கேட்டார்கள், அது எனக்குப் பிடிக்கவில்லை. இதே சட்டம் நம் ஆட்களுக்கும் உண்டு. எழுப்புதல் கூட்ட நோட்டீஸில் ‘பிசாசின் கோட்டையான மதுரை’ என்று ஒரு ஊழியக்காரர் எழுதிக்கொண்டு வந்தார். “பிரதர், இந்த ஊர்ல நான் கடை வச்சிருக்கேன்” என்று சொல்லி அந்த வரியை அடித்துக் கொடுத்தேன். கோபத்தோடுதான் சம்மதித்தார்.

வாட்ஸ்அப் கேட்ட பெண்ணுக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. ஃபார்வர்ட் என்பது அச்சகப் பெயர் இல்லாத நோட்டீஸ். கீழே உன் பெயரும் ஊரும் போட்டு அனுப்பத் தயாரா என்று பார். தயார் என்றால்கூட ஒரு ராத்திரி வைத்திரு. ப்ரூஃப் (பிழை திருத்த எடுக்கிற மாதிரித் தாள்) பார்க்காமல் எதையும் மெஷினுக்கு அனுப்பாதே. கிண்டலுக்குக் குரூப்பில் பதில் போடாதே. போட்டவரைத் தெரிந்தால் தனியாகப் போன் பண்ணு. “அதைப் பார்த்தேன், கஷ்டமா இருந்துச்சு” என்று மட்டும் சொல். நம் ஆட்கள் மற்ற சாமிகளைக் கிண்டல் பண்ணி நம் குரூப்பில் போடும்போதும் அதே போனைப் போடு. எனக்கு இரண்டாவதுதான் அதிகம் வேலை வைத்தது.

தண்ணீரோடு கைப்பிரதி வேண்டாம்

அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று எங்கள் சந்து வழியாக விடிய விடிய ஜனம் போகும். அண்டா நிறையத் தண்ணீரும் நீர்மோரும் வைப்போம். சபையில் இரண்டு கட்சி. விக்கிரகத் திருவிழாவுக்கு நீர்மோரா என்று ஒரு கட்சி. வைப்பதுதான் வைக்கிறீர்கள், டம்ளரோடு வசனம் அச்சடித்த துண்டுத்தாள், அதுதான் கைப்பிரதி, அதையும் கொடுங்கள், நல்ல வாய்ப்பு என்று இன்னொரு கட்சி. கைப்பிரதி அச்சடிப்பது என் தொழில், இரண்டாவது கட்சி ஜெயித்தால் எனக்கு லாபம். இருந்தும் கொடுக்க விடமாட்டேன். தாகத்தில் வருகிறவன் கையை நீட்டுகிறான். அந்தக் கையில் தாளைத் திணித்தால் அவன் தண்ணீரைக் கீழே வைத்துவிட்டுத் தாளைப் பார்க்க வேண்டும். இல்லை, தாளைக் கீழே போட்டுவிட்டுத் தண்ணீரைக் குடிக்க வேண்டும். பெரும்பாலும் இரண்டாவதுதான் நடக்கும். நான் கஷ்டப்பட்டு அச்சடித்த வசனம் வைகை மணலில் மிதிபடும்.

2019-ஐ மறக்க முடியாது. ஏப்ரல் 18-ம் தேதி நாடாளுமன்றத் தேர்தல், அன்றே மீனாட்சி தேர், நமக்குப் பெரிய வியாழன். கூட்டத்துக்காக மதுரையில் மட்டும் ராத்திரி எட்டு மணி வரை ஓட்டுப்போட விட்டார்கள். மறுநாள் 19-ம் தேதி அதிகாலை அழகர் ஆற்றில் இறங்கினார். அன்றுதான் பெரிய வெள்ளி. நான் உபவாசம். விடியற்காலை மூன்று மணியிலிருந்து அண்டா பக்கத்தில் நின்று மொண்டு மொண்டு ஊற்றினேன். மெஷின்மேன் அண்ணன் மஞ்சள் துணியோடு கூட்டத்தில் வந்து, இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, “நீங்க குடிக்கலையா தம்பி?” என்றார். “இன்னிக்கி ஒண்ணும் கெடயாது” என்றேன். “எங்க வீட்லயும் இன்னிக்கி விரதந்தான்” என்று சொல்லிவிட்டுப் போனார். பத்து மணிக்கு வீட்டுக்கு வந்து குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, பன்னிரண்டு மணி ஆராதனைக்குப் போனேன். மூன்று மணி நேரம், இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகள். ஐந்தாவது வார்த்தை ‘தாகமாயிருக்கிறேன்’. ஐயர் என்ன பேசினார் என்று நினைவில்லை. தோள்பட்டை வலி மட்டும் நினைவிருக்கிறது.

செய்கிறவர்களுக்கு இரண்டு குறிப்பு. சபை பேனர் கட்டாதீர்கள். மோரில் உப்பைக் குறைத்துப் போடுங்கள், நடந்து வருகிறவர்கள் இரண்டு மூன்று டம்ளர் குடிப்பார்கள்.

சத்தம் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ராத்திரி 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்று ஒலி மாசு விதிகள் 2000-லேயே சொல்லியாயிற்று. கேரல்ஸ் ரவுண்ட்ஸுக்குப் பாக்ஸ் வைத்துக்கொண்டு நடுராத்திரி தெருவை எழுப்புவதை விட்டுவிடுங்கள். கிட்டாரும் கஞ்சிராவும் போதும். எங்கள் தெருவில் பாக்ஸை நிறுத்திய வருடம்தான் எதிர்வீட்டுப் பாட்டி ஜன்னலைத் திறந்து பாட்டுக் கேட்டார்கள்.

அப்படியென்றால் விசுவாசத்தைப் பற்றிப் பேசவே கூடாதா? கேட்டால் பேசுங்கள். விசாரித்துக் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு (பதில்) சொல்ல ஆயத்தமாக இருக்கச் சொல்கிறார் பேதுரு. அதில் ‘கேட்கிறவர்களுக்கு’ என்பதை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் மனப்பாடம் செய்கிறோம். ஞாயிறு ஏன் கடை திறப்பதில்லை என்று என்னிடம் கேட்காத ஆள் கிடையாது. தை, ஆவணி முகூர்த்த சீசனில் ஞாயிறு லீவு விடுவது என்றால் ஒரு பெரிய ஆர்டராவது கைவிட்டுப் போகும், வருடா வருடம் போகிறது. நாற்பது வருடத்தில் எனக்குக் கிடைத்த பேச்சுகளில் பாதி, பூட்டின கதவைப் பார்த்து வந்த கேள்வியில் தொடங்கியவை.

வாடகை வீடு கிடைக்காதது பற்றியும் ஒரு தம்பி கேட்டான். கறி சமைக்கக் கூடாது, ஜெபக்கூட்டம் போடக் கூடாது, கடைசியில் ‘வீடு இல்லைங்க’. எனக்குத் தெரிந்த ஒரே வழி, தெரிந்தவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவது. ஆனால் எங்கள் பாய் வீடு தேடி அலைந்தபோது நானே கூட்டிக்கொண்டு போய் நின்ற ஒரு வீட்டுக்காரர், ஞாயிறுதோறும் என் பக்கத்தில் உட்கார்ந்து திருவிருந்து எடுக்கிறவர். “நீங்க சொன்னா சரிதான், ஆனா பாய்க்கு வேண்டாமே” என்றார். உங்களில் யாருக்காவது மாடி போர்ஷன் இருந்தால் விசுவாசத்தை அங்கே தொடங்கலாம்.

நம் வீட்டுக்குள்

இதுவரை எழுதியதெல்லாம் சுலபம். குங்குமத்திலும் பொரியிலும் நாம் காட்டுகிற ஜாக்கிரதையில் பத்தில் ஒரு பங்கை நமக்குள்ளே இருக்கிற சாதியில் காட்டினதில்லை என்பதுதான் என் வருத்தம். இது நேற்று வந்த வியாதியும் இல்லை. 1606-ல் மதுரைக்கு வந்த இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் தெ நோபிலி காவி கட்டினார், மரக்கறி சாப்பிட்டார், தமிழும் சமஸ்கிருதமும் படித்தார். பூணூலும் குடுமியும் இருந்தால் இருக்கட்டும் என்றார். 1623-ல் போப்பாண்டவர் பதினைந்தாம் கிரகோரியும் சரி என்றார். ஆனால் இதே ஊரில் பரவர்களுக்கென்று முன்பே இருந்த சபையோடு அவர் தன் ஆட்களைச் சேர்க்கவில்லை. 1834-ல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அமெரிக்க மிஷன் வேறு வழியில் போனது. 1840-களில், எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட மாட்டேன் என்றவர்களைத் தள்ளி வைத்தது. உபதேசியார்களே பலர் வெளியே போனார்கள். என் தாத்தாவின் தாத்தா எந்தப் பக்கம் இருந்தார் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்காததே ஒரு பதில்தான் என்று எனக்குத் தோன்றும்.

எங்கள் பைண்டிங் அக்கா ஒரு ஆராதனையைத் தவறவிட்டதில்லை. ரெக்கார்டில் இந்து. 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி என்பது இந்துக்களுக்கு மட்டும். 1956-ல் சீக்கியரையும் 1990-ல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரானால் இங்கே பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடும். ஞானஸ்நானம் எடுத்தால் தெரு மாறாது, தெருவைப் பார்க்கிற பார்வை மாறாது, சான்றிதழ் மட்டும் மாறும். போன அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கைப் பட்டியல் அச்சடித்தபோது அக்கா வந்து, “எம்பேரு வேணாண்ணே. ஒரு சகோதரின்னு போட்டுருங்க” என்றார். போட்டேன். கூட்டத்தில் அதை வாசித்தபோது எனக்குப் பின்வரிசையில் ஒருவர், “ரெண்டு தோணியில கால் வைக்கிற ஆளுக” என்று முணுமுணுத்தார். அவர் வீட்டில் மூன்று தலைமுறையாக வெளியில் பெண் எடுத்ததும் இல்லை, கொடுத்ததும் இல்லை. இப்படி யாராவது உங்கள் சபையில் இருந்தால் அவர்கள் ரெக்கார்டைப் பற்றி நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். அவர்கள் வீட்டில் போய்ச் சாப்பிடுங்கள். கூப்பிடுகிற வரை காத்திருக்காமல், ஒரு ஞாயிறு மத்தியானம் வரட்டுமா என்று நீங்களே கேளுங்கள்.

ஊருக்கு உபதேசம் சொல்கிற நான் என்ன செய்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன். ஒன்பது வருடத்துக்கு முன் மகளுக்கு வரன் பார்க்க பயோடேட்டா அடித்தேன். நானே டைப் பண்ணினேன். பெயர், படிப்பு, வேலை, உயரம், சபை, அதற்குக் கீழே சாதி, உட்பிரிவோடு. ப்ரூஃப் எடுத்து மேஜையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். மகள் கடைக்கு வந்திருக்கிறாள். சின்ன வயதிலிருந்து லீவு நாளில் என்னோடு ப்ரூஃப் பார்த்த பிள்ளை, குறிகள் எல்லாம் தெரியும். திரும்பி வந்தபோது தாளில் ஒரே ஒரு திருத்தம். சாதி வரியின் குறுக்கே சிவப்புக் கோடு, ஓரத்தில் நீக்கல் குறி, சுழித்து அழகாக.

நான் நீக்கவில்லை. அந்த வரி இல்லாவிட்டால் யார் வருவார்கள் என்று பயம். அப்படியே ஐம்பது காப்பி ஓட்டினேன். அவளும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நல்ல இடத்தில்தான் கல்யாணம் முடிந்தது, நன்றாகத்தான் இருக்கிறாள். அந்த ப்ரூஃப் தாள் என் மேஜை டிராயரில் பில் புக்குக்குக் கீழே கிடக்கிறது.

இப்போது மகனுக்குப் பார்க்கிறோம். இந்தத் தடவை வரியை எடுத்துவிட்டேன். பதினாலு மாதம் ஆகிறது. “எனக்கு எடுக்காத வரியை அவனுக்கு மட்டும் எடுக்குறீங்களாப்பா?” என்று மகள் போனில் கேட்டாள். பதில் இல்லை என்னிடம்.

வரி இல்லாவிட்டால் போன் வரும். ஊர், சபை, சம்பளம் எல்லாம் விசாரித்துவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்தி, “நீங்க என்ன ஆளுக?” என்பார்கள். இதற்குச் சொல்ல வேண்டிய பதிலை முன்கூட்டியே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் வாய் பழக்கத்தில் உளறிவிடும். எனக்கு முதல் இரண்டு போனில் அதுதான் நடந்தது. “சி.எஸ்.ஐ. சபைங்க” என்றால், “அது சரி, ஆளுகன்னு கேட்டேன்” என்று திரும்ப வரும். அப்போது, “அதை நாங்க பாக்குறதில்லைங்க, பையனப் பத்திக் கேளுங்க சொல்றேன்” என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். பிரசங்கம் வேண்டாம், ‘யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை’ என்கிற கலாத்தியர் மூன்றாம் அதிகாரம் வேண்டாம். கேட்கிறவரும் யாரோ ஒரு பெண்ணுக்குத் தகப்பன். பாதிப் பேர் “பேசிட்டுச் சொல்றோம்” என்று வைத்துவிடுவார்கள். அவர்களைத் திட்டுகிற யோக்கியதை எனக்கு இல்லை, டிராயரில் தாள் இருக்கிறது. மீதிப் பேரில் சிலர் கொஞ்சம் நிறுத்தி, “சரிங்க, பையன் எந்தக் காலேஜ்?” என்று கேட்கிறார்கள். அந்த நிறுத்தத்தில் போனை வைத்துவிடாமல் காத்திருங்கள்.

பயோடேட்டா படிவம் ஒன்று நானும் பாயும் சேர்ந்து தயார் பண்ணி வைத்திருக்கிறோம். ஒரே பக்கம், பெயர், பிறந்த தேதி, படிப்பு, வேலை, சபை, உடன்பிறந்தோர், கைபேசி எண். சாதிக்கு வரி கிடையாது. நீங்களாகப் பேனாவில் எழுதிச் சேர்க்கிற அளவுக்கு இடைவெளியும் விடவில்லை, பாய் அளந்து நெருக்கியிருக்கிறார். சபைப் பிள்ளைகளுக்கு ஐம்பது காப்பி இலவசம். போட்டோவை மட்டும் கொண்டுவந்தால் போதும், எந்தக் கிழமை வேண்டுமானாலும் வரலாம், ஞாயிறு தவிர.